இரண்டரைக் கோடி முடிச்சு

கம்பளம்னா நமக்கு 'ரத்தினக் கம்பள வரவேற்பு'ன்னு பேப்பர்ல வர்றதோட சரி. மானிட்டர்ல புள்ளி எண்ணிப் பிழைக்கிற அடியேன் கொஞ்ச நாளா ஒரு கம்பளத்தைப் பத்தியே படிச்சிட்டிருக்கேன். பேரு அர்தபீல் கம்பளம். ஈரான்ல அர்தபீல் நகரத்து ஷேக் சஃபி தர்காவில் கிடந்தது. இப்ப லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கு.

பத்தரை மீட்டர் நீளம், அஞ்சே கால் மீட்டருக்கு மேல அகலம். பாவும் ஊடையும் பட்டு, முடிச்சு கம்பளி. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பாவு நூல். ஒண்ணை முழுசா சுத்தி, அடுத்ததுக்குப் பின்னால போய் வெளியே வந்தா அது பாரசீக முடிச்சு. ரெண்டையும் சேர்த்துச் சுத்தினா துருக்கி முடிச்சு. முதல் வகையை நெருக்கிக் கட்டலாம், கொடியும் பூவும் வளைஞ்சு வரும். இதுக்கு சென்னே முடிச்சுன்னு ஒரு ஊர்ப் பேர் வேற. அந்த ஊர்க்காரங்க கட்டறதென்னவோ துருக்கி முடிச்சு :-)

மொத்தம் இரண்டரைக் கோடிக்கும் மேல முடிச்சு, பத்தே பத்து நிறம். ஒருத்தர் ஒரு நாளைக்கு 5000 முடிச்சு போடறார்னு வெச்சுக்கிட்டாலும், லீவே எடுக்காம 14 வருஷம் ஆகும். பத்துப் பேர் உட்கார்ந்திருப்பாங்கங்கறாங்க. அவங்க ஒருத்தர் பேரும் தெரியாது. ஓரத்துல ஒரு சின்னக் கட்டத்துல காஷான் ஊர் மக்சூத்னு ஒரே ஒரு பேரும், ஹிஜ்ரி 946ங்கற வருஷமும் (நம்ம கணக்குல 1539-40) இருக்கு. அவர் வேலையை நடத்தினவரா இருக்கணும். முடிச்சுப் போட்ட விரல் அவருதில்லைன்னுதான் எனக்குத் தோணுது.

நடுவுல பெரிய பதக்கம், அதுக்கு மேலயும் கீழயும் தொங்கற மாதிரி ரெண்டு விளக்கு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. 'கடவுள் மட்டுமே குறையில்லாதவர், அதனால வேணும்னே பிழை வெச்சாங்க'ன்னு ஒரு கதை. சின்ன விளக்குப் பக்கம் உட்கார்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே அளவாத் தெரியும்னு இன்னொரு கதை. நான் ரெண்டையும் நம்பத் தயாரில்லை. ஆனா ஒண்ணு: மத்த இடமெல்லாம் கண்ணாடி பிம்பம் மாதிரி திரும்பி வர்ற டிசைன்ல, இந்த ஒண்ணை மட்டும் யாரோ தனியா வரைஞ்சிருக்காங்க. கை தவறி வர்ற விஷயமில்லை அது.

மனசை உறுத்தறது வேற. இது ஜோடிக் கம்பளம். 19ம் நூற்றாண்டுக் கடைசியில் ரெண்டும் கிழிஞ்ச நிலையில் கைமாறின. ஒண்ணை வெட்டி இன்னொண்ணுக்கு ஒட்டுப் போட்டாங்க. முழுசானதை வாங்கலாம்னு வில்லியம் மோரிஸ் சிபாரிசு பண்ண, 1893ல் 2000 பவுனுக்கு லண்டன் மியூசியம் வாங்கிச்சு. பார்டர் இழந்து சிறுத்துப்போன மத்தது கோடீஸ்வரங்க கை மாறி, 1953ல் பால் கெட்டி மூலமா லாஸ் ஏஞ்சல்ஸ் மியூசியத்துக்குப் போச்சு. பழுதான ரெண்டு கம்ப்யூட்டரைக் கழட்டி ஒண்ணா ஆக்கற நம்ம வேலைதான். ஆனா பார்ட்ஸ் மறுபடி வாங்கலாம், இதை எங்கே போய் வாங்க? நானா இருந்தா ரெண்டையும் கிழிசலோடவே விட்டிருப்பேன்.

2006ல் லண்டன்ல இதைத் தரையிலேயே விரிச்சு, சுத்திக் கண்ணாடி போட்டாங்க. சாயம் வெளுக்கக்கூடாதுன்னு அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம்தான் வெளிச்சம். மத்த நேரமெல்லாம் அரை இருட்டு.