தீவுக்குப் போகும் சாலை

சென்னைத் துறைமுகத்தில் இருந்து தீவுக்குக் கப்பல் போகிறது என்பது இந்த ஊரில் பலருக்கே தெரியாது. ராஜாஜி சாலையில் இந்தியக் கப்பல் கழகத்தின் அலுவலகம் இருக்கிறது. நான்கௌரி, சுவராஜ் தீப், நிக்கோபார் என்று பெயர் தாங்கிய கப்பல் எதிலாவது ஒரு சீட்டு கிடைத்தால், சுமார் 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டி ஏறக்குறைய மூன்றாம் நாளில் அந்தமானின் தலைநகரில் இறங்கலாம். போர்ட் பிளேர் என்று பழகிப்போன அந்த ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரத்துச் சொச்சம்தான். ஆனாலும் ஓய்வு தேடிப் போகிறவருக்குக் கப்பலே பொருத்தம். கரை மறைந்த பிறகு கைப்பேசி ஒலிக்காது. செய்வதற்கு ஒரு வேலையும் இருக்காது. வயிற்றைப் புரட்டும் முதல் நாளைத் தாண்டிவிட்டால் தூக்கம் தானாக வரும்.

இந்தத் துறைமுகத்துக்குத் தீவுப் பயணம் புதிதல்ல. பினாங்கும் சிங்கப்பூரும் தீவுகள்தானே. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் அந்தத் தீவுகளுக்கும் இடையே ஓடியது. அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பற்றி எரிந்ததோடு அந்தத் தடம் முடிந்துபோனது. அந்தக் கப்பல்களில் போனவர்களில் பெரும்பாலோர் பிழைக்கப் போனவர்கள். விடுமுறைக்காகத் தீவுக்குப் போவது பின்னால் வந்த வசதி.

அந்தமானுக்குத் திட்டமிடுகிறவர் முதலில் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். மே நடுவில் தென்மேற்குப் பருவமழை அங்கே இறங்கிவிடும். அக்டோபரும் நவம்பரும் வங்கக் கடலில் புயல் பிறக்கும் மாதங்கள். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். அடுத்தது கடிகாரம். தீவுகள் வெகு கிழக்கே இருந்தும் இந்திய நேரத்தையே பின்பற்றுவதால் குளிர்கால மாதங்களில் ஐந்து, ஐந்தரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் அங்கே முழுப் பகலும் கைக்குக் கிடைக்கும். ஹேவ்லாக் என்ற சுவராஜ் தீப், நீல் என்ற ஷஹீத் தீப் ஆகியவற்றுக்குப் போக இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வெளியார் கால் வைக்கவே கூடாது. ஒரு வாரத்தில் ஐந்து தீவுகளைச் சுற்றிவிட நினைப்பவர் படகுத்துறைகளில்தான் விடுமுறையைக் கழிப்பார். ஒன்றோ இரண்டோ போதும். மொழிக்குப் பயமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குத் தமிழ்தான் தாய்மொழி.

துறைமுக வாசலில் இருந்து கப்பல் இல்லாமலே போகக்கூடிய இன்னொரு தீவும் உண்டு. வடக்கே திரும்பி ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டே போனால் அந்தச் சாலை கொசஸ்தலை ஆற்றைத் தாண்டிக் காட்டுப்பள்ளித் தீவில் ஏறுகிறது, அங்கிருந்து பழவேற்காடு வரை நீள்கிறது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் காயலும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம் என நாலு பக்கமும் நீர். தீவு விடுமுறைக்குச் சீட்டு எடுக்கும் ஒவ்வொருவரும் இந்தச் சாலையை ஒரு தடவை முழுக்கப் பார்த்தாக வேண்டும்.

ராயபுரத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். பலரும் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சாலையின் மறுபக்கம் கடலைப் பார்க்க வேண்டும். அங்கே மணல் கிடையாது, வரிசையாகப் பாறாங்கற்கள்தான். தமிழகத்தின் இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியில் அலை மணலைத் தெற்கில் இருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1870களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். மணல் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே அது சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல், இருந்த மணலையும் அலை வாரிக்கொண்டு போனது. நகரத்தின் தென்பாதி மாலைக் காற்று வாங்கும் கடற்கரை வடபாதியின் கணக்கில் இருந்து எடுக்கப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. குப்பங்கள் பின்வாங்கின, தெருக்கள் கடலுக்குள் போயின. கல் கொட்டினார்கள். பிறகு, கடலுக்குள் வளைந்து நீளும் கல் கரைகளைப் போட்டார்கள். மீனவர்கள் அதைத் தூண்டில் வளைவு என்பார்கள். ஒரு குப்பத்துக்கு அது போடப்பட்டால் அரிப்பு வடக்கே அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. அதனால் ஒவ்வொரு குப்பமாக அதைக் கேட்டுப் போராட நேர்கிறது.

காசிமேடு விடியலுக்கு முன்பே விழித்துவிடும். வஞ்சிரமும் சங்கராவும் ஏலத்தில் போகும் அந்தச் சந்தையைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகளின் வரிசை தொடங்குகிறது. திருவொற்றியூரில் தியாகராஜர் கோயில், கடலைப் பார்த்தபடி பட்டினத்தார் சமாதி. பலூன் செய்யும் சிறு கொட்டகையாக 1946இல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இந்த ஊரில் பிறந்ததுதான். இந்தியாவில் என்ஃபீல்டு புல்லட்டுகள் 1955 முதல் இங்கேதான் உருவாயின. எண்ணூரில் 1948இல் வந்த அசோக் மோட்டார்ஸ்தான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழிற்சாலைகள் இவை. வடசென்னை உழைத்த உழைப்பில் நகரம் நின்றது என்பதை இந்தச் சாலையில் போகிறவர் மறக்கக் கூடாது.

எண்ணூர் ஒரு காலத்தில் விடுமுறைக்கான ஊர் என்று சொன்னால் இன்று நம்புவது கடினம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரர்கள் கோட்டையின் வெக்கைக்குத் தப்பி வந்து ஓய்வெடுத்த இடம் இது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் மர நிழலில் தோட்ட வீடுகள், படகு விடுவதற்கு அசையாத நீர், மாலையில் மீன் விருந்து. பாசில் காக்ரேன் என்ற வணிகர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் இருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைலுக்கு உப்புநீர்க் கால்வாய் வெட்டினார். விறகும் உப்பும் போன கால்வாய்தான், விருந்தினர்களும் போனார்கள். காக்ரேன் கால்வாய் என்று அறியப்பட்ட அது 1878இல் ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைப் பெற்றது. இன்று சென்னைக்காரர்கள் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டித் தேடிப் போகிற நிழலும் நீரும் நிம்மதியும், நகரத்தில் இருந்து படகில் போய்ச் சேரும் தொலைவில் இருந்தன.

இப்போது எண்ணூர் முகத்துவாரத்தில் நின்றால் தெரிவது வேறு காட்சி. 1970இல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆற்றுக்கு அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையம் 1990களில் இருந்து ஓடுகிறது. அதன் சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் அடிக்கடி கசிந்து ஆற்றுப்படுகையில் சாம்பல் படிந்தது. ஆள் ஆழத்துக்கு நீர் ஓடிய இடங்களில் முழங்காலளவு ஆனது என்று மீனவர்கள் சொல்கிறார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. இளைஞர்கள் அதை வாளியில் அள்ளிய படங்களை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கம் இருந்து எண்ணெய் வந்து காயல் முழுக்கப் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயில் இருந்து அமோனியா கசிய, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் மக்கள் தொழிலுக்குப் போகிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அலையாத்தி மரங்கள் ஆங்காங்கே மிஞ்சியிருக்கின்றன. இந்தக் காயல் செத்துப்போனதாக எழுதுகிறவர்கள் இந்த மனிதர்களைப் பார்க்காதவர்கள்.

பாலத்தைத் தாண்டி அத்திப்பட்டுப் புதுநகர் வழியாகப் போனால் காட்டுப்பள்ளித் தீவு. சவுக்கும் பனையும் மணல் மேடுமாக இருந்த நிலத்தில் முதலில் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. 2001இல் திறக்கப்பட்ட அதற்கு இப்போது காமராஜர் பெயர். 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் உற்பத்தித் திறன் கொண்டது அது. எண்ணூரைப் பார்த்தேயிராத சென்னை வீடுகளுக்கும் இந்தத் தீவின் நீர் குழாயில் வருகிறது. பிறகு எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தன. காட்டுப்பள்ளிக் குப்பம் அதற்காக இடம்பெயர்ந்தது. 2018இல் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது.

அந்தத் துறைமுகத்தைச் சுமார் 6,110 ஏக்கருக்கு விரிவாக்கி, ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி டன்னாக இருக்கும் சரக்குத் திறனை 32 கோடி டன்னாக உயர்த்தும் திட்டம் முன்வைக்கப்பட்டது. ராயபுரத்துக் கல் வரிசையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இதன் விளைவை யாரும் விளக்க வேண்டியதில்லை. கடலுக்குள் பெரிய சுவர் எழும்பினால் மணல் நிற்கும், வடக்கே கரை அரிக்கும். இங்கே அரிக்கப்படப் போவது வெறும் கரையன்று. பழவேற்காட்டு ஏரியையும் கடலையும் பிரித்து நிற்பதே இந்த ஒடுங்கிய மணல் திட்டுதான். அது அறுந்தால் ஏரி கடலோடு கலந்துவிடும். நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவிக்கப்பட்டு, எதிர்ப்பு வலுக்கவே நடக்காமல் நின்றது.

துறைமுக மதிலைக் கடந்ததும் காளஞ்சி, கோரைக்குப்பம், வைரவன்குப்பம், கலங்கரை விளக்கக் குப்பம் என்று சாலை போகிறது. காற்றின் வாசனையே மாறிவிடும். பாலத்தைத் தாண்டினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்ற ஏற்பாடு இங்கே தலைமுறைகளாக நடக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். உல்லாசப் படகுச் சவாரியைத் தேடி யாரும் போக வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு அதற்குத் தடை விதிக்கப்பட்டது. கரையில் நடக்கலாம், பறவைகளைப் பார்க்கலாம், மீனவர்களிடமே நண்டும் மடவையும் வாங்கலாம். ஓய்வுக்கு அது போதும்.

காட்டுப்பள்ளியில் நடப்பதுதான் அந்தமான் நிக்கோபாரின் தென்கோடியிலும் நடக்க இருக்கிறது. பெரிய நிக்கோபார்த் தீவில் சரக்குப் பெட்டக முனையம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் ஆகியவற்றை அமைக்க 2022இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காகக் கொடுக்கப்படுகிறது. துறைமுகம் வரும் கலத்தியா வளைகுடா, உலகின் மிகப் பெரிய கடலாமையான தோணியாமை முட்டையிடும் கரை. 2004 ஆழிப்பேரலையைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் அந்தத் தீவின் தென்முனை நாலு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. ஷொம்பென் பழங்குடியினர் வாழும் காடு அது. எண்ணூரில் இருநூறு ஆண்டில் நடந்ததை அங்கே முப்பது ஆண்டில் நடத்தப் பார்க்கிறார்கள். இது தவறு.

பசுமையான தீவில் நாலு நாள் படுத்து எழ ஆசைப்படுவதில் குற்றமில்லை. உழைத்துக் களைத்தவருக்கு அது உரிமை. அந்த உரிமையைத் தரும் தீவுகளுக்காகப் பேச வேண்டிய பொறுப்பும் அவருக்கு உண்டு. காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் மறுபடி அறிவிக்கப்பட்டால், குப்பத்து மக்கள் மட்டும் போய் நிற்கும்படி விட்டுவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, திட்டத்தில் அக்கறை உள்ளவர்கள் தங்கள் கருத்தை எழுத்து மூலமாகவும் அனுப்பலாம். இந்தத் தீவின் நீரையும் மின்சாரத்தையும் பயன்படுத்தும் சென்னைக்காரர் ஒவ்வொருவரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.