புரிகிறதா?

மூன்றாண்டுக் காலம் நம் ஊர்ப் படிப்பகத்தில், மாலை ஆறு மணி முதல் ஏழரை மணி வரை, காசு வாங்காமல் ஆங்கிலம் கற்பித்தோம். நாளேடுகள் பரந்து கிடக்கும் நீண்ட மேசை, சுவரில் தலைவர்களின் படங்கள், மூலையில் கால் ஆடும் ஒரு கரும்பலகை. இவ்வளவே நம் கல்லூரி! கற்பித்தோம் என்று எழுதும்போது கை சற்றே தயங்குகிறது. பேசினோம் என்பதே பொருந்தும். கால வடிவங்கள் பன்னிரண்டையும் அட்டவணை போட்டு முழங்கினோம். செய்வினை, செயப்பாட்டுவினை இரண்டையும் மேடையில் மாற்றானின் வாதத்தைப் பிய்த்தெறிவது போலப் பிய்த்துக் காட்டினோம். இடையிடையே "புரிகிறதா?" என்போம். "புரிகிறது ஐயா!" என்று ஒரே குரலாக முழக்கம் எழும். மகிழ்ந்து வீடு திரும்புவோம்.

அந்த மகிழ்ச்சியைக் கலைத்தவன் ஒரு நெசவாளர் வீட்டுப் பிள்ளை. மூன்றாண்டில் ஒரு நாளும் தவறாதவன். பொறியியல் பட்டம் பெற்று, பெங்களூருக்கு வேலைத் தேர்வுக்குச் சென்றான். உன்னைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கின்றனர். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். இரயிலேறித் திரும்பி வந்துவிட்டான். நம்மிடம் அவன் குறை கூறவில்லை. "ஐயா, நீங்கள் நடத்தியது எல்லாம் தெரியும். வாய்தான் வரவில்லை" என்றான். அவன் குறை கூறியிருந்தால் மறுத்துப் பேசியிருப்போம். மறுத்துப் பேசுவது நமக்குக் கைவந்த கலை. அவன் கூறாததால் உறக்கம் போயிற்று.

1968ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தமிழும் ஆங்கிலமும் போதும், திணிக்கப்படும் மூன்றாவது மொழி வேண்டா என்றோம். ஆங்கிலம் நமக்குக் கேடயம் என்றோம். சரியே! ஆனால் அந்தக் கேடயம் நெசவாளர் வீட்டுப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா? அல்லது மேட்டுத் தெருப் பள்ளிகளின் வாயிற்படியிலேயே நின்றுவிட்டதா? இந்தக் கேள்வியைப் பிறரை நோக்கிப் பன்முறை வீசியிருக்கிறோம். அன்றுதான் அது நம்மை நோக்கித் திரும்பிற்று.

2016ஆம் ஆண்டு மே மாதம், ஐம்பதைத் தொட இருந்த வயதில், சென்னையில் மாணவனாகச் சேர்ந்தோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்கு அம்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பழக்குகின்ற பயிற்சி அது. 1962இல் இலண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் தொடங்கிய இரண்டு வாரக் குறும்பயிற்சியின் வழிவந்தது. இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு, செல்ட்டா என்னும் பெயரில் உலகெங்கும் நடக்கிறது. நான்கு வாரம், நூற்றிருபது மணி நேரம், நான்கு கட்டுரைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான மாணவர்கள் முன் நின்று ஆறு மணி நேரம் கற்பித்தாக வேண்டும். பின்வரிசையில் பயிற்சியாளர் அமர்ந்து ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்துக்கொண்டிருப்பார். உடன் பயில்வோரும் குறித்துக்கொண்டிருப்பர். கூட்டத்தைக் கண்டு அஞ்சாத நமக்கு அந்தப் பின்வரிசையைக் கண்டு தொண்டை வறண்டது என்றால் நம்புவீர்களா, தோழர்களே?

முதல் நாள் காலை. வகுப்புக்குள் வந்த பயிற்சியாளர் ஆங்கிலமே பேசவில்லை. நெஞ்சைத் தொட்டு "ஜினா லாங்கு" என்று தொடங்கித் தம் பெயரைச் சொன்னார். பிறகு நம்மைச் சுட்டி, "ஜினா லாகோ நானி?" என்றார். விழித்தோம். மீண்டும் கேட்டார். ஸ்வாஹிலி என்னும் ஆப்பிரிக்க மொழி அஃது என்று பின்னர்தான் தெரிந்தது. என் பெயர் இன்னது, உன் பெயர் என்ன என்னும் இரண்டே வாக்கியங்கள்! அவற்றைச் சொல்வதற்குள் காது மடல் சூடேறிற்று. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து வாயசைத்தோம். தவறாகச் சொல்லிவிட்டுத் தலை கவிழ்ந்தோம். இருபது நிமிடம் கழித்து, "இப்போது எப்படி இருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாம் விடை கூறவில்லை. பெங்களூரில் நின்றுகொண்டிருந்த அந்தப் பிள்ளையின் முகம் கண்முன் நின்றது.

மூன்றாம் நாள் நம் முதல் வகுப்பு. நாற்பது நிமிடம். வந்திருந்தவர் பன்னிருவர்: வெளிநாடு செல்லவிருந்த செவிலியர் இருவர், வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், துணிக்கடை விற்பனைப் பெண், தையற்காரர், கல்லூரி மாணவர் சிலர். பாடம், நடந்து முடிந்ததை நிகழ்காலத்தோடு இணைத்துக் கூறும் அந்த 'ஹேவ்' வடிவம். எழுந்தோம், வெண்பலகையை நிரப்பினோம், எடுத்துக்காட்டுகளை அடுக்கினோம், நகைச்சுவை தூவினோம். சிரித்தனர். "புரிகிறதா?" என்றோம். "புரிகிறது" என்றனர் பன்னிருவரும். பழைய முழக்கம்! மாலை போட ஆள் இல்லையே என்பதுதான் குறை.

மாலைக்குப் பதில் ஒரு தாள் வந்தது. பயிற்சியாளர் கடிகாரத்தை வைத்துக் கணக்கெடுத்திருந்தார். நாற்பது நிமிடத்தில் நாம் பேசியது இருபத்தொன்பது நிமிடம். தாளைப் பார்த்து எழுதியது ஆறு நிமிடம். எஞ்சிய ஐந்து நிமிடம் மாணவர்கள் பேசியது. ஐந்து நிமிடத்தைப் பன்னிரண்டாற் பகுத்துப் பாருங்கள்: தலைக்கு இருபத்தைந்து வினாடி! அந்த இருபத்தைந்து வினாடிக்காக ஓட்டுநர் தம் அரை நாள் வருவாயை விட்டுவிட்டு வந்திருந்தார். வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் அவரிடம், எவ்வளவு காலமாகக் கார் ஓட்டுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். "ஐ ஆம் டிரைவிங் சின்ஸ் டென் இயர்ஸ்" என்று வந்தது விடை. எதைத் திருத்துவதற்காக இருபத்தொன்பது நிமிடம் முழங்கினோமோ, அதே பிழை, ஓர் எழுத்தும் மாறாமல்!

சினம் வந்தது என்பதை மறைக்கவில்லை. எத்தனை மேடை ஏறியவர் நாம், நமக்குப் பேசத் தெரியாதென்பதா என்று எண்ணினோம். அன்றிரவு விடுதி அறையில் தாளை மீண்டும் படித்தபோதுதான், பேசத் தெரியாது என்று அதில் எங்குமே எழுதியிருக்கவில்லை என்பது விளங்கிற்று. கேட்கத் தெரியாது என்றே எழுதியிருந்தது.

கேள்வி கேள், கேள்வி கேள் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தவர்கள் நாம். குரு வாய் திறப்பான், சீடன் வாய் பொத்துவான் என்னும் உபதேச முறையை எள்ளி நகையாடியவர்கள் நாம். நம் படிப்பகத்தில் நடந்தது என்ன? படம் மாறியிருந்தது, முறை மாறவில்லை. ஏன் எதற்கு என்று கேட்கச் சொல்லிக் கொடுத்ததை ஒன்றரை மணி நேரம் பேசிச் சொல்லிக் கொடுத்தோம், யாரும் கேட்க இடமில்லாமல்!

பயிற்சியில் 'புரிகிறதா' என்ற சொல்லுக்கே தடை. புரியாதவனும் புரிகிறது என்பான். புரியவில்லை என்பதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு அவனுக்கு இருந்தால் நம்மிடம் வந்திருக்கவே மாட்டான். பொருளைச் சோதிக்கும் சிறு சிறு கேள்விகளை முன்னதாகவே எழுதிக்கொண்டு போகவேண்டும். அவர் கார் ஓட்டத் தொடங்கியது எப்போது? இன்றும் ஓட்டுகிறாரா? நாளையும் ஓட்டுவாரா? மூன்றே கேள்விகள். விடை சரியாக வந்தால் புரிந்தது, வராவிட்டால் புரியவில்லை. நம்பிக்கைக்கு அங்கே வேலை இல்லை, ஆய்வுக்கே வேலை. பகுத்தறிவு என்று நாம் வேறு எதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்?

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் கடினம். ஐந்து வினாடி அமைதி என்பது மேடைப் பேச்சாளனுக்கு ஓர் ஊழி. நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டு மனத்துக்குள் எண்ணினோம். நான்காவது வினாடியில் தையற்காரர் வாய் திறந்தார்.

ஓட்டுநரின் பிழை எங்கிருந்து வந்தது என்பதையும் அப்போதுதான் ஆராய்ந்தோம். 'பத்து ஆண்டுகளாக ஓட்டுகிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதையே அவர் ஆங்கிலச் சொற்களில் உடுத்தினார். அறியாமையன்று, ஒரு மொழியின் ஒழுங்கை இன்னொன்றுக்குக் கொண்டு சென்ற உழைப்பு. 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்பவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, அவர்களுக்கு ஒன்று சொல்வோம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. காடு, பாக்கு, கயிறு எனக் குற்றியலுகரம் வந்து தாங்கும். அயற்சொல்லின் கடைசி மெய்க்கும் நம் நாக்கு அந்தத் தாங்கலைத் தானாகவே கொடுக்கிறது. ஒலிப்புப் பாடத்தில் பயிற்சியாளர் வாயின் குறுக்குவெட்டுப் படம் வரைந்து, 'வி' என்னும் எழுத்துக்கு மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும், 'டபிள்யூ'வுக்கு உதடு குவியவேண்டும் என்றார். நம் வகரம் பல்லும் இதழும் இயையப் பிறப்பது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்திருப்பதை அவரிடம் சொன்னோம். எழுதி வைத்துக்கொண்டார். (எல்லாம் எம்மிடம் உண்டு என்று பெருமையடிக்க இதைச் சொல்லவில்லை. பிறப்பியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது உதட்டைத் தொட்டுப் பார்க்கும்படி நம்மிடம் ஒருவரும் சொன்னதில்லை.)

நம் குழுவில் இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் இருந்தார். 'நேற்று' என்ற சொல்லோடு 'ஹேவ்' வடிவம் ஏன் சேராது என்று செவிலியர் ஒருவர் கேட்டார். இளைஞர் சிவந்துபோய், "காதுக்குச் சரியாக இல்லை" என்றார். அவருக்கு அது மூச்சு. மூச்சுக்கு இலக்கணம் யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரிந்திருந்தது, ஏனெனில் ஒவ்வொரு விதியையும் வியர்வை சிந்தி வாங்கியிருந்தோம். இரவுகளில் இருவரும் சேர்ந்து அமர்ந்தோம். நாம் அவருக்கு இலக்கணம் சொன்னோம். அவர் நமக்குச் சொல்லழுத்தம் சொன்னார். நல்ல பிள்ளை, நல்ல உழைப்பாளி.

பயிற்சி முடிந்தது. இருவருக்கும் ஒரே தரத்தில் தேர்ச்சி. ஒரே மொழிப் பள்ளிக்கு, கடல் கடந்த ஊருக்கு, இருவரும் விண்ணப்பித்தோம். உண்மையில் போகும் எண்ணம் நமக்கு இல்லை. கதவு திறக்கிறதா என்று பார்க்கும் ஆவல். அவருக்கு வேலை வந்தது. நமக்கு ஒரு வரி மடல் வந்தது: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரையே எடுப்போம் என்று.

அந்த ஒரு வரியை எங்கேயோ படித்திருக்கிறோம் அல்லவா, தோழர்களே? கற்றது என்ன என்று கேட்கவில்லை. பிறந்தது எங்கே என்று கேட்டது! தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கத் தரப்படும் 'ஈ-2' நுழைவுரிமை பொதுவாக ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே உரியது. கருவறைக்குள் போக இன்னார்தான் பிறக்கவேண்டும் என்பதை எதிர்த்தவர்களுக்கு இதன் பெயரைச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் காமன்வெல்த் நாடுகள் கூடி ஆங்கிலக் கல்வி பற்றி ஆராய்ந்தன. தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர், ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்கவேண்டும் என்பன போன்ற ஐந்து நம்பிக்கைகள் அங்கே வேர் கொண்டன என்று எடுத்துக்காட்டி, ஐந்தும் பொய் என்று 1992இல் வாதிட்டார் ராபர்ட் ஃபிலிப்சன். அவர் பிறப்பால் பிரித்தானியர் என்பதையும் சொல்லிவிடுவோம். 2006இல் ஆங்கில ஆசிரியர்களின் உலக அமைப்பான டீசோல், பிறப்பு மொழியைக் காட்டி வேலை மறுப்பதைக் கண்டித்து அறிக்கை விட்டது. அறிக்கை வந்த பின்னும் நமக்கு மடல் வந்தது.

இத்தனைக்கும், இந்தத் துறையின் வரலாறு இலண்டனில் மட்டும் எழுதப்பட்டதன்று. 1959இல் தொடங்கி, அன்றைய சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 தொடக்க ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர முனைந்தார்கள். பயின்றவர் பிறரைப் பயிற்றுவிக்க, அவர் மேலும் பிறரைப் பயிற்றுவிக்க, உருளும் பனிப்பந்து போல என்று பெயர் வைத்தனர். பனியையே காணாத ஊருக்கு அப்படி ஒரு பெயர்! 1979 முதல் 1984 வரை என்.எஸ்.பிரபு தென்னாட்டுப் பள்ளிகளில் செய்த சோதனை அதனினும் பெரிது. இலக்கணத்தை ஒப்புவிக்கச் சொல்லாமல், இரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கையில் கொடுத்து, எந்த வண்டியில் ஏறினால் எப்போது போய்ச் சேரலாம் என்று சிந்திக்க வைத்தார். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது மொழி உள்ளே நுழைகிறது என்பது அவர் கொள்கை. உலகம் அதைப் பெங்களூர்த் திட்டம் என்று படிக்கிறது. அதன் பெயரைக் கேள்விப்பட நாம் ஐம்பது வயது வரை காத்திருந்தோம்.

சூன் மாதத்தில் படிப்பகம் திரும்பினோம். நீண்ட மேசையைச் சுவரோரம் தள்ளி, நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டோம். நாளேடு படிக்க வந்த பெரியவர் ஒருவர் முணுமுணுத்தார். பழைய மாணவர்களோடு நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் வந்திருந்தான். கொணர்ந்திருந்த இரயில் அட்டவணையின் படிகளை இருவருக்கு ஒன்றாகக் கொடுத்தோம். பெங்களூரில் காலை பத்து மணிக்கு ஒரு வேலைத் தேர்வு, எந்த வண்டி, எங்கே ஏறுவது, ஆங்கிலத்தில் பேசி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் அமர்ந்தோம். ஒருவரும் பேசவில்லை. நமக்கு நாக்கு துடித்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டோம். பிறகு ஒரு மூலையில் முணுமுணுப்பு, அடுத்த மூலையில் ஒரு மறுப்பு, "நோ, நோ, தட் டிரெயின் இஸ் லேட்" என்று ஒரு குரல். யார் குரல் என்று திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

எட்டு மணிக்குக் கலையும்போது பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி நம்மருகே வந்தாள். மூன்றாண்டில் அவள் குரலை 'புரிகிறது ஐயா'வுக்கு மேல் கேட்டதில்லை.

"ஐயா, நீங்கள் முன்பு நடத்தியதில் ஓர் ஐயம். இப்போதுதான் முடித்தேன் என்பதற்கு 'ஐ ஹேவ் ஜஸ்ட் ஃபினிஷ்டு' என்று எழுதிப் போட்டீர்கள். அமெரிக்கப் படத்தில் 'ஐ ஜஸ்ட் ஃபினிஷ்டு' என்கிறார்கள். அவர்கள் சொல்வது தப்பா, நீங்கள் சொன்னது தப்பா?"

விடை நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து வழக்கு, அமெரிக்க வழக்கு என்று அரைமணி நேரம் பேசலாம். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணினோம்.

"உனக்கு என்ன தோன்றுகிறது அம்மா?" என்றோம்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். போகப் புறப்பட்ட நால்வர் திரும்பி வந்து நின்றனர்.