கிறிஸ்மஸ் அம்மா

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று தோழிகள் கேட்டார்கள். எனக்குக் கவிதை எழுத வராது. அதனால் நடந்த ஒன்றை எழுதுகிறேன். டிசம்பர் பிறந்தாலே எனக்கு ஒரு நீலக் கிளிப் ஞாபகம் வந்துவிடும். அதைப் பற்றித்தான்.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, கொரோனாவுக்காக வீட்டில் கிடந்த நாட்கள் போக, பாளையங்கோட்டையில் பெண்கள் போர்டிங் ஒன்றில் தங்கிப் படித்தேன். எங்கள் ஊரில் மார்கழி என்றால் வாசல் நிறையக் கோலம், சாணிப் பிள்ளையார், அவர் தலையில் பூசணிப்பூ. போர்டிங்கில் அதே மாதம் வேறு மாதிரி இருக்கும். மூங்கில் சிம்பில் வர்ணத்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்வோம். குடிலுக்குப் பச்சை வேண்டுமென்று இரண்டு வாரம் முன்னாலேயே தட்டில் கேழ்வரகு விதைத்துத் தண்ணீர் தெளிப்போம். வீட்டில் பிள்ளையார் கும்பிடுகிற நாங்களும் தலையில் துண்டைக் கட்டி மேய்ப்பர்களாக நிற்போம். உயரமான அக்காமார்தான் மூன்று சாஸ்திரிகள். கிறிஸ்மஸுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவோம் என்பதால், லீவு விடுவதற்கு முன்பே எங்களுக்கு ‘போர்டிங் கிறிஸ்மஸ்’ வந்துவிடும். பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, யாருக்கு எந்த வேஷம் என்று சண்டை போட்டதுதான் அதிகம்.

இதில் பெரிய விஷயம் சீட்டு எடுப்பது. போர்டிங்கில் இருக்கிற எல்லோர் பெயரையும் எழுதிக் குலுக்குவார்கள். வார்டன் அம்மாவும் உண்டு, சமையல் அக்காவும் உண்டு. யார் பெயர் வருகிறதோ அவளுக்கு நாம் ரகசியமாகக் ‘கிறிஸ்மஸ் அம்மா’. அவளுக்குத் தெரியாமல் சின்னச் சின்னப் பரிசு வைக்க வேண்டும். கடைசி நாளில்தான் யார் யாருக்கு அம்மா என்று சொல்வார்கள். சாப்பாட்டு அறை அலமாரியில் எங்கள் தட்டுகள் நம்பர் போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கும். பரிசு வைக்கிற இடம் அந்தத் தட்டுக்கு அடியில்தான். மொத்தச் செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டக் கூடாது.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை சீட்டு எடுத்தோம். நான் அப்போது பத்தாம் வகுப்பு. எனக்கு வந்தது ஆறாம் வகுப்புச் சின்னவள் ஒருத்தியின் பெயர். ஏரல் பக்கத்துப் பிள்ளை. புதுசு, எதற்கெடுத்தாலும் அழுவாள்.

ஐம்பது ரூபாய் பெரிய காசா என்று நீங்கள் கேட்கலாம். என் பெட்டியில் ஐந்து ரூபாய்கூட இல்லை. அம்மா பீடி சுற்றுகிறவள். மழைக்காலத்தில் பீடி காயாது. அந்த மாதம் அவள் என்னைப் பார்க்க வரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை என் தட்டைத் திருப்பினேன். பழைய பேப்பரில் சுற்றி ஒரு நீலக் கிளிப்! ஆனால் கூட ஒரு வரி எழுத்து இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் ‘அன்பு மகளுக்கு’ என்று பூப்போட்ட கடிதம் வந்தது. என் கிறிஸ்மஸ் அம்மாவுக்கு ஒரு வரி எழுத மனசில்லையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

சின்னவளோ தினமும் தட்டைத் திருப்பிப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. நான்காம் நாள், “எங்க கிறிஸ்மஸ் அம்மாவுக்கு என்னப் புடிக்கல போலக்கா” என்று என்னிடமே வந்து சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று இரவு அந்த நீலக் கிளிப்பை எடுத்து, இடது கையால் ஒரு கடிதம் எழுதி, அவள் தட்டுக்கு அடியில் வைத்தேன். அடுத்து எனக்கு வந்த கைக்குட்டையும் அவளிடம் போனது.

கிளிப்பை வைத்துக்கொண்டு அவள் சாப்பாட்டு வரிசையில் ஆடி ஆடி நின்றாள். அதற்கு மறுநாள் நடந்ததுதான் ஆச்சரியம். என் தட்டுக்கு அடியில் கொய்யாக்காய் ஒன்றல்ல, இரண்டு! அடுத்த நாள் இரண்டு பென்சில். அதற்கடுத்து இரண்டு கடலைமிட்டாய். யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள்! களவு செய்து பிடிபட்ட மாதிரி ஆகிவிட்டது எனக்கு. யார் சிரித்தாலும் இவள்தானோ என்று பார்ப்பேன். ஆனாலும் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றைச் சின்னவளுக்குக் கொடுத்தேன்.

அப்புறம் அந்த மழை. டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு நின்றுபோனது. போர்டிங்கில் கரண்ட் இல்லை, போன் இல்லை. எல்லோரையும் மாடி ஹாலில் படுக்க வைத்தார்கள். ஏரலுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது என்று யாரோ சொன்னது சின்னவள் காதில் விழுந்துவிட்டது.

“எக்கா, ஆத்துத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வந்திருக்குமா? எங்கம்மாவுக்கு நீச்சல் தெரியாதுக்கா.”

என்ன பதில் சொல்ல? இருட்டில் அவளை என் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். “ஏட்டி, அழாத. ஒங்கம்மா மாடியில ஏறியிருப்பா. நான்தான் ஒன் கிறிஸ்மஸ் அம்மா, போதுமா?” என்றேன். கடைசி நாள்வரை சொல்லக் கூடாது என்பது சட்டம். போகட்டும். அவள் என் கையைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள். எனக்குத்தான் விடியும்வரை தூக்கமில்லை.

பரீட்சை நின்றது, நாடகம் நின்றது. சமையல் அக்கா தன் வீட்டுக்கும் போகாமல் நாலு நாளும் விறகடுப்பில் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். வெள்ளிக்கிழமை மதியம் சின்னவளின் அம்மா வந்து நின்றாள். சேலையெல்லாம் சகதி. வீட்டுச் சுவர் விழுந்துவிட்டதாம், ஆள் பிழைத்தாள். இவள் ஓடிய ஓட்டத்தில் நீலக் கிளிப் கழன்று விழுந்தது. நான்தான் எடுத்து வைத்தேன்.

அன்று சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டே பாட்டுப் பாடி, போர்டிங் கிறிஸ்மஸை முடித்தோம். ஒவ்வொருத்தியாக எழுந்து தன் அம்மா யாரென்று ஊகித்துச் சொல்ல வேண்டும். நான் மூன்று பேரைச் சொன்னேன், மூன்றும் தப்பு. அப்போது அடுக்களைப் பக்கமிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தது சமையல் அக்கா!

“சோறு போடுதவளுக்கு எல்லார் தலையும் தெரியும்ட்டி. ஒனக்குன்னு வாங்குன கிளிப்பு அந்தச் சின்னது தலையில கெடந்துச்சு. சரி, ரெண்டா வைப்போம்னுட்டேன்.”

“ஒரு வரி எழுதியிருக்கலாம்லக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“எழுதத் தெரிஞ்சா எழுத மாட்டனா? சீட்ட வாசிச்சுச் சொன்னதே வார்டன் அம்மாதான். தட்டு நம்பரு மட்டும் எனக்கே தெரியும்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. என் அம்மாவும் கைநாட்டுதான். அது தெரிந்திருந்தும், எழுத்து இல்லாத பரிசில் அன்பு இல்லை என்று நினைத்துவிட்டேனே! எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். படிப்பு எனக்குக் கொடுத்த முதல் கர்வம் அதுதான் போலிருக்கிறது.

பாளையங்கோட்டையில் படித்தவர்களுக்கு 1895-ல் தொடங்கிய சாராள் தக்கர் கல்லூரியைத் தெரியும். அந்தப் பெயருக்குரிய ஆங்கிலேயப் பெண்மணி இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் மிஷன் வேலை பார்த்த உடன்பிறந்தவரின் கடிதங்கள் வழியாகத்தான் இந்த நாட்டைப் பற்றி அறிந்தாராம். முகம் தெரியாத பிள்ளைகளுக்கு அம்மாவாக இருப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்று இப்போது தோன்றுகிறது.

ஜனவரியில் திரும்பியதும் இரவுச் சாப்பாடு முடிந்து தினமும் அரை மணி நேரம் அக்காவுடன் சிலேட்டோடு உட்கார்ந்தேன். மாவு பிசைந்த விரலுக்கு ‘ஞ’ மட்டும் கடைசிவரை வளையவில்லை. ஆனால் பரீட்சை முடிந்து நான் பெட்டி கட்டிய நாளில், எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது.

“அடுத்த வருசம் சீட்டுல வார பேர நானே வாசிச்சுக்கிடுதேன். போதும், நீ போயிட்டு வா” என்றாள்.

நண்பர்களே, நம் விடுதியிலும் இந்த டிசம்பரில் சீட்டு எடுப்போமா? சமையல்காரர்கள், வாட்ச்மேன் தாத்தா, எல்லோர் பெயரும் இருக்கட்டும். காசு இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். உங்கள் தட்டைக் கவனிக்கிற யாரோ ஒருவர் எப்போதும் இருப்பார்.

— இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் துறை