காத்திருந்த நிமிடங்கள்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

லேப்டாப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மெஷின் என்னைக் காக்க வைக்கும்போதெல்லாம் எதற்காக, எத்தனை நிமிடம் என்று எழுதுகிறேன். புது மெஷினுக்காகக் கையில் இருப்பது 70,000 ரூபாய், இரண்டு வருடச் சீட்டுப் பணம். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அதைக் கரைக்க மனசில்லை.

இன்று எழுதியதில் பாதி எடிட்டிங்கில் போனது. போனில் எடுத்த 4கே வீடியோ டைம்லைனில் திக்கித் திக்கி ஓடுகிறது. போன் பதியும் எச்.265 கோப்பில் பெரும்பாலான ஃப்ரேம்கள் முழுப் படமாக இருக்காது. முன்பின் ஃப்ரேம்களிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். ஒரு ஃப்ரேமைக் காட்டக்கூட மெஷின் அக்கம்பக்கத்து ஃப்ரேம்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

எடிட்டிங் மென்பொருள் டாவின்சி ரிசால்வில் எல்லாக் கோப்புக்கும் சிறிய அளவில் ப்ராக்ஸி, அதாவது மாற்று நகல், போட்டேன். அதே பழைய லேப்டாப்பில் எடிட்டிங் வழுக்கிக்கொண்டு போகிறது! கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது அசல் கோப்பையே எடுத்துக்கொள்கிறது. எடிட்டிங்குக்காகப் புது மெஷின் வேண்டாம் என்று ஆகிவிட்டது. செலவே இல்லாமல் பாதிப் பிரச்சினை தீர்ந்த சந்தோஷத்தில் இரவு தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. பாயசம் வைத்துவிட்டு ரெண்டர் போட்டேன். பாட்டி அகல் விளக்கு ஏற்றும் அனிமேஷன் காட்சி, 10 வினாடி. வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் 240. 3டி மென்பொருள் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் ஃப்ரேமுக்கு 4 நிமிடம். ஆக 16 மணி நேரம். இரவு கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. நேரடியாக வீடியோ கோப்பாக எழுதச் சொல்லியிருந்தேன், அது திறக்கவே இல்லை. இனிமேல் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி பிஎன்ஜி படம்தான். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

போன மாதம் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்ததுதான். அதற்கு பிளெண்டரின் வேகமான எஞ்சினான ஈவி போதுமானதாக இருந்தது. என் பாட்டி முகத்தில் விழும் விளக்கொளிக்கு சைக்கிள்ஸ்தான் வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன். அப்படியானால் பணம் போக வேண்டிய இடம் அதை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு.

ஏப்ரல் 19, சனி

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, கணினிக் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு நடந்தோம், நானும் தம்பியும்.

"அக்கா, லைட் எரியிற கேபினெட் எடுங்க, கெத்தா இருக்கும்" என்றான் கடைக்காரப் பையன்.

"லைட் வேணாம் தம்பி. முன்பக்கம் சல்லடையா இருக்கிறது காட்டுங்க, காத்து உள்ள போகணும்."

ப்ராசசர் ஐ5-12400. எஃப் என்று முடியும் ரகம் விலை குறைவு, ஆனால் அதில் கிராபிக்ஸ் உள்ளடங்கி வராது. நாளைக்குக் கார்டு படுத்துவிட்டால் திரையில் எதுவும் தெரியாது. ரேம் 16 ஜிபியாக இரண்டு. 1 டிபி எஸ்எஸ்டி. பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க நான் சம்மதிக்கவில்லை.

கார்டில்தான் நெடுநேரம் நின்றோம். 8 ஜிபி நினைவகத்துடன் புதியதா, 12 ஜிபி உள்ள பழைய ஆர்டிஎக்ஸ் 3060ஆ? வேகம் குறைந்தால் காத்திருக்கலாம். காட்சி கார்டின் நினைவகத்தில் அடங்காவிட்டால் ரெண்டர் இழுத்து இழுத்து நின்றே போகும். பழையதை எடுத்தேன், 17,000. சும்மா எடுக்கவில்லை. விசிறி இதழை விரலால் லேசாகத் தள்ளி ஆட்டம் இருக்கிறதா பார்த்தேன். பென்டிரைவில் கொண்டுபோன பாட்டி காட்சியைக் கடையிலேயே 20 நிமிடம் ஓடவிட்டு, வெப்பம் ஏறுகிறதா, சத்தம் மாறுகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். கடைக்காரப் பையன் ஸ்டூல் எடுத்துப் போட்டான். ஃப்ரேமுக்கு 15 வினாடி! தம்பி கையைப் பிடித்துக்கொண்டேன்.

மானிட்டர் சின்னதானாலும் ஐபிஎஸ். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் நிறம் மாறும் திரையில் பாட்டியின் சேலைக்கு என்ன நிறம் கொடுப்பது? மீதிப் பணம் யுபிஎஸ்ஸுக்குப் போனது.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாலை ரெண்டர் போட்டேன். 137ஆவது ஃப்ரேமில் கரண்ட் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. ஓடிக்கொண்டிருந்ததை முடிக்க விட்டு, நிறுத்தி, மெஷினை ஒழுங்காக அணைத்தேன். முக்கால் மணி நேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் தொடக்க ஃப்ரேம் 138 என்று கொடுத்தேன்.