இசைத்தட்டுக் கடை எப்போது பிறந்தது?

வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஸ்பில்லர்ஸ் ரெக்கார்ட்ஸ் என்றொரு கடை இருக்கிறது. ஹென்றி ஸ்பில்லர் என்பவர் 1894இல் குயின்ஸ் ஆர்கேடில் தொடங்கியது. உலகிலேயே பழைய இசைத்தட்டுக் கடை இதுதான் என்பது பல காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. கடை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த ஆண்டு என்னை விடாமல் உறுத்தியது. பிரிட்டனில் கிராமபோன் கம்பெனி உருவானதே 1898இல்தான். பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்த ஃபிரெட் கெய்ஸ்பர்க் அந்த ஆண்டில்தான் லண்டனுக்கு வந்து மெய்டன் லேனில் பதிவுக்கூடம் அமைத்தார். அங்கே பதிவானவை ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகித் தட்டுகளாகத் திரும்பின. அப்படியானால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கார்டிஃபில் ஒரு வியாபாரி எதை எடுத்து விற்றிருக்க முடியும்?

தட்டு இல்லாவிட்டால் ஒலி பதிந்த மெழுகு உருளையாக இருந்திருக்கலாம் என்பது முதல் பதில். அந்தக் கடையின் வரலாறும் உருளைகளைக் குறிப்பிடுகிறது. ஆனால் உருளை வழியே போனால் வேறொரு சுவர் வந்து மறிக்கிறது. 1892இல் அமைந்த எடிசன் பெல் நிறுவனம் பிரிட்டனில் உருளையை ஒலிக்கவைக்கும் ஃபோனோகிராஃபுக்கான காப்புரிமைகளைத் தன் கைக்குள் வைத்திருந்தது. கருவியை விலைக்குக் கொடுக்காமல் வாடகைக்கு விடுவதே அதன் தொடக்ககால வழக்கம்; அமெரிக்காவிலிருந்து தனியாகத் தருவித்தவர்கள் மீது வழக்குப் போட்டது. கருவி வீட்டுக்கு வராத ஊரில் உருளையை வாங்க யார் வருவார்கள்? இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன், ஏனென்றால் மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. எமில் பெர்லினர் தட்டைச் சுழற்றும் கிராமபோன் என்ற தன் கண்டுபிடிப்பை 1888இல் ஃபிலடெல்ஃபியாவில் காட்டிவிட்டு ஜெர்மனிக்குப் போனபோது, துரிங்கியாவின் கெமர் உண்ட் ரைன்ஹார்ட் என்ற பொம்மை நிறுவனம் அதைக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளாகச் செய்தது. கையால் சுழற்றும் சின்னக் கருவி, ஐந்து அங்குலத் தட்டு. உலகில் முதன்முதலில் விலைக்கு விற்ற தட்டுகள் இவைதாம். 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கும் வந்தன. ஆகவே 1894இல் கார்டிஃபில் தட்டு விற்கவே முடியாது என்று சொல்ல இயலாது. ஆனால் அதை விற்றது பொம்மைக் கடை. இந்தத் தகவல் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது, கூடவே நான் தேடிக்கொண்டிருந்த கேள்வியையும் கலைத்துப்போட்டது.

போதாக்குறைக்கு மால்டாவின் வாலெட்டாவில் டி'அமாட்டோ ரெக்கார்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய் 1885 என்கிறது. மெழுகு உருளைக்கான பெல், டெய்ன்டர் காப்புரிமையே 1886இல்தான் கிடைத்தது. பெர்லினரின் காப்புரிமை 1887. பதிவான இசை என்ற சரக்கே சந்தையில் இல்லாத ஆண்டு அது. இரு கடைகளும் பொய் சொல்கின்றன என்பதல்ல என் வாதம். அவை தங்கள் வியாபாரத்தின் வயதைச் சொல்கின்றன. தட்டு அந்த வியாபாரத்துக்குள் எப்போது நுழைந்தது என்பது தனிக் கதை. தொடக்க காலத்தில் எங்கும் இதுதான் நடந்திருக்கிறது: பிரிட்டனில் வாத்தியக் கடைகளும் சைக்கிள் கடைகளும் தட்டுகளை வைத்திருந்தன. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியாரின் ஏ.வி. அண்ட் சன்ஸ் பல பொருள்களை விற்ற கடை. அங்கே கிராமபோன் தட்டு விற்றுப் பழகிய மகன் மெய்யப்பன்தான் பிறகு சென்னைக்கு வந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் தட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கினார். ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் நாம் மளிகைக்கும் மிதிவண்டிக்கும்தான் போய்ச் சேருவோம். இசைத்தட்டுக் கடை என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது எப்போது வந்தது என்றுதான் கேட்க வேண்டும்.

இன்று அந்தக் கடைக்குப் போகிறவர் செய்வது என்ன? பெட்டிகளின் முன்னால் நின்று உறைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறார். ஒன்றைத் தேடி வந்து வேறொன்றோடு போகிறார். இந்த உரிமை வினைலுக்கு முந்திய அரக்குத் தட்டின் காலத்தில் வாடிக்கையாளருக்குக் கிடையாது. அரக்குத் தட்டு கனமானது, கை தவறினால் உடையும். எனவே அது கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. பெயரையோ எண்ணையோ சொல்லிக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடமே ஓடியதால் ஒரு சிம்பொனிக்குப் பல தட்டுகள் வேண்டியிருந்தன. அவற்றைப் புத்தகம் போல் கட்டிய ஆல்பங்களில் அட்டை வெறுமையாக இருந்தது, முதுகில் மட்டும் பெயர். கொலம்பியாவில் வேலை பார்த்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் அவற்றைக் கல்லறைக் கற்கள் என்றே சொன்னார். 1940 வாக்கில் அட்டை முழுக்க ஓவியம் தீட்டத் தொடங்கினார். அதே 1940இல் ஹாலிவுட்டில் கிளென் வாலிக்ஸ் திறந்த மியூசிக் சிட்டி, ஆல்பங்களை செல்லோஃபேனில் சுற்றி வாடிக்கையாளர் கைக்கு எட்டும் இடத்தில் அடுக்கியது. பிறகு 1948 ஜூனில் கொலம்பியா நீள்தட்டை வெளியிட்டது. பன்னிரண்டு அங்குல வினைல், ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை, எளிதில் உடையாத பொருள், ஒற்றைத் தட்டுக்கு ஒரு முழு ஓவிய உறை. கடைக்காரர் கவுன்டரைத் திறந்துவிட இனித் தடையில்லை. நான் வந்து சேர்ந்த முடிவு இது: கடைதான் வினைலை விற்றது என்பது பாதி உண்மை, இன்று நாம் அறிந்த கடையை உண்டாக்கியது வினைல்.

வாலிக்ஸ் வினைலுக்கு முந்தியவர் ஆயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆசை அரக்கின் காலத்திலேயே பிறந்துவிட்டது என்பதை அவர் கடை காட்டுகிறது. அதை எல்லா ஊருக்கும் பொதுவாக்கும் வசதி அரக்கில் இல்லை. இன்னும் வலுவான மறுப்பு, கேட்டுப் பார்க்கும் அறைகளைப் பற்றியது. வாங்குவதற்கு முன் தட்டைச் சுழலவிட்டுக் கேட்க இடம் தந்த கடைகள் நீள்தட்டுக்கு முன்பே இருந்தன. அந்த அறையில்தான் கடையின் உயிர் இருந்தது என்று சிலர் கருதுகிறார்கள். ஆனால் அறைக்குள் போகவும் முதலில் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அறையே சாரம் என்றால், எந்தப் பாட்டையும் கைபேசியில் கேட்டுவிட முடிகிற இந்தக் காலத்தில் கடைகள் முற்றாக மூடியிருக்க வேண்டும். நடந்ததோ எதிர்மாறு. 2022இல் அமெரிக்காவில் சுமார் 4.1 கோடி வினைல் ஆல்பங்கள் விற்றன, குறுந்தட்டுகள் 3.3 கோடி, எண்ணிக்கையில் வினைல் முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல்முறை. பிரிட்டனின் பல கடைகளில் பெட்டியில் வெற்று உறையை மட்டும் வைத்துவிட்டுத் தட்டைக் கவுன்டருக்குப் பின்னால் பத்திரப்படுத்தும் வழக்கம் இருந்தது. திருட்டுக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது. ஆனால் இசையைத் தனியே எடுத்துவிட்ட பிறகும் மக்கள் நின்று தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் நிறுவ முடியாது.

கடைசியாக ஒரு மறுப்பு, நம் பக்கத்திலிருந்தே வருவது. தமிழ்நாட்டில் தட்டுக் கம்பெனிகள் பாடகர்களின் படங்களோடு பட்டியல்களை அச்சிட்டன. கிராமபோன் பாட்டுகளின் சொற்களைத் தொகுத்த புத்தகங்கள் விலை மலிவாகக் கிடைத்தன. தட்டு அலமாரியில் பூட்டியிருந்தாலும் காகிதத்தில் புரட்டிப் பார்க்க வழி இருந்ததே? இருந்தது, தட்டு வாங்க வசதியில்லாதவரும் பாட்டைக் கையில் வைத்துக்கொள்ள அந்தப் புத்தகங்கள் உதவின. என் வாதத்துக்கு மிக அருகில் வரும் எதிர்ச்சான்று இதுதான். ஆயினும் ஒரு கம்பெனியின் பட்டியலில் அந்தக் கம்பெனியின் பாடகர்கள் மட்டுமே இருப்பார்கள். எச்.எம்.வி. பட்டியலுக்குள் ஓடியன் தட்டு வராது. கடையின் பெட்டியிலோ போட்டி நிறுவனங்களின் உறைகள் அகரவரிசையில் முதுகோடு முதுகு உரசி நிற்கின்றன. அந்த அடுக்கைத் தீர்மானித்தவர் தட்டை அச்சிட்டவர் அல்ல, கடைக்காரர்.