புல்வெளிப் பிரயாணம் – 6: நிக்கோடெமஸ் கண்ட சுயராஜ்யம்

கான்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள எல்லிஸ் என்னும் ரயிலடியோடு சென்ற கட்டுரையை நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலை அங்கிருந்து வடதிசையிலுள்ள நிக்கோடெமஸ் என்னும் ஊரை நோக்கிக் காரில் புறப்பட்டோம். 1877 செப்டம்பரில், கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன், ஜார்ஜ்டவுன் பக்கங்களிலிருந்து ரயிலேறி வந்த ஏறத்தாழ முந்நூறு கறுப்பின மக்கள், மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் இதே எல்லிஸில் இறங்கி, இரண்டு நாள் கால்நடையாகக் கடந்த தூரம் அது. மேடும் பள்ளமுமாய் விரிந்து கிடக்கும் அந்தப் பிரதேசத்தில் ஓடைக்கரையை விட்டு விலகினால் ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. ஆகாயமும் புல்லும், இன்றைக்குக் கோதுமை வயலும், அவ்வளவுதான்.

அவர்கள் அவ்வளவு தொலைவு வந்ததற்குக் காரணம் உண்டு. கென்டக்கியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865 டிசம்பரில்தான். விடுதலை பெற்றவனுக்கு உடம்பு சொந்தமாயிற்றேயொழிய, உழுவதற்கு ஒரு குழி நிலமும் சொந்தமாகவில்லை. பழைய எஜமானின் வயலிலேயே வாரத்துக்கு உழுது, அறுவடைக்கு அறுவடை கடன் ஏறி, இரவு வேளைகளில் முகமூடிக் கும்பல்களுக்கு அஞ்சி வாழ வேண்டியிருந்தது. 1877-இல் மத்திய சர்க்கார் தென் மாநிலங்களின் பாதுகாப்பிலிருந்து தன் படையை விலக்கிக்கொண்டபோது, இனி இங்கே நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் பலருக்கு அற்றுப்போயிற்று. மேற்கிலோ 1862-ஆம் வருஷத்துக் குடியேற்ற நிலச் சட்டம் இருந்தது: சொற்பக் கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் வரை பதிந்துகொண்டு, அதிலேயே ஐந்து வருஷம் குடியிருந்து பண்படுத்துகிறவனுக்கு அந்நிலம் பட்டாவாகும். 1868-இன் அரசியல் சட்டத் திருத்தத்தால் பிரஜைகளாகிவிட்ட கறுப்பின மக்களுக்கும் அந்த வாசல் திறந்திருந்தது. அந்தப் புல்வெளியும் பூர்வகுடிகளிடமிருந்து கவர்ந்துகொள்ளப்பட்டதே என்பதை நாம் மறப்பதற்கில்லை.

சைமன் ரவுண்ட்ரீ என்ற கறுப்பினப் பாதிரியாரும், அவர் இனத்தவரான டபிள்யூ. எச். ஸ்மித்தும், டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் சேர்ந்து 1877-இல் சாலமன் நதிக்கரையில் இந்த நிக்கோடெமஸை அமைக்க ஒரு ஸ்தாபனம் கண்டு, செழிப்பான ஊர் என்று விளம்பரம் செய்து ஜனங்களை அழைத்தார்கள். வந்தவர்கள் கண்டதோ வேறு. 1878 வசந்தத்தில் பாதிரியாரான தம் கணவரோடு வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன் என்ற மாதரசி, பிற்காலத்தில் அந்த முதல் பார்வையை நினைவுகூர்ந்திருக்கிறார். அதோ ஊர் என்று மற்றவர்கள் ஆரவாரித்தபோது, எங்கே என்று அவர் கேட்டாராம். கணவர் கைநீட்டிக் காட்டிய இடத்தில், தரைக்குள்ளிருந்து ஆங்காங்கே புகை எழுந்துகொண்டிருந்தது. அதுதான் ஊர் என்று அறிந்ததும் அந்த அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

மேட்டுச் சரிவைக் குடைந்து, முகப்பில் புற்கரணைகளை அடுக்கிச் சுவரெழுப்பி, மேலே கழிகளையும் சுள்ளிகளையும் பரப்பி, அதன்மேல் மண்ணைப் போர்த்தி, உட்சுவரில் அடுப்புக்கு ஒரு குழி வெட்டினால் அதுவே வீடு. மரமில்லாத பூமியில் விறகும் கிடையாது; சூரியகாந்தித் தண்டும் எருமைச் சாணமும்தான் எரிபொருள். புல்வெளியில் சிதறிக் கிடந்த காட்டெருமை எலும்புகளைப் பொறுக்கி விற்று ரொட்டிக்கு வழி தேடினார்கள். பல குடும்பங்கள் மனம் ஒடிந்து திரும்பிவிட்டன. முதல் குளிர்காலத்தில், வேட்டை முடித்து அவ்வழியே வந்த ஓசேஜ் பூர்வகுடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்தளித்துப் பசியாற்றினார்கள் என்று இன்றும் இவ்வூர்ச் சந்ததியார் நன்றியோடு சொல்லுகிறார்கள். அந்த வறுமையிலும் ஜென்னி ஃப்ளெச்சர் என்ற பெண்மணி நிலக்குடிசையில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எழுதப் படிக்கக் கற்பதே குற்றமென்று பல தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு விதித்திருந்த தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள்!

என் மனத்தை மிகவும் கவர்ந்தது இதற்கு மேல் நிகழ்ந்ததே. பிழைப்பு ஊன்றும் முன்னரே இவர்கள் ஆட்சியை ஊன்றினார்கள். ஜென்னியின் கணவர் சக்கரி ஃப்ளெச்சர் தபால் அதிகாரியானார். நியூயார்க்கிலும் சிக்காகோவிலும் குமாஸ்தாவாக இருந்து தேர்ந்த எட்வர்ட் மக்கேப் என்ற இளைஞர் 1878-இல் வந்து சேர்ந்து, 1880-இல் இவ்வூர் அடங்கிய கிரகாம் ஜில்லாவுக்கு நிர்வாகம் அமைந்தபோது அதன் தற்காலிக எழுத்தராக நியமிக்கப்பெற்று, 1882-இல் கான்சாஸ் முழுவதற்கும் தணிக்கை அதிகாரியாக வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெள்ளையரே பெரும்பான்மையாயிருந்த மாநிலத்தின் கணக்கைச் சரிபார்க்கும் உத்தியோகம், அடிமை முறை ஒழிந்து இருபது வருஷம் நிறைவதற்குள், ஒரு கறுப்பினத்தவர் கையில் வந்தது. 1884-இல் மறுபடியும் அவரே வென்றார்.

ஆனால் அக்காலத்து ஊர்களின் விதியை எழுதியது ரயில்பாதை. 1887-இல், மிசூரி பசிபிக் கம்பெனியை வரவழைக்க 16,000 டாலர் கடன் பத்திரங்களுக்கு இவ்வூரார் வாக்களித்தார்கள், பாதை வரவில்லை. மறுவருஷம் யூனியன் பசிபிக் பாதை நதிக்குத் தென்புறமாகப் போய், போக் என்ற புதிய ஊரைத் தோற்றுவித்தது. கடைகளும் வியாபாரிகளும் அங்கே பெயர்ந்தார்கள். பின்னாளில் பஞ்சமும் புழுதிப் புயலும் எஞ்சியவர்களையும் கலைத்தன.

இன்று ஊரில் குடியிருப்போர் மிகச் சிலரே. அவர்கள் நடுவில் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய ஊர்மன்றம் நிற்கிறது. 1939-இல், வறட்சியும் வேலையின்மையும் வாட்டிய வேளையில், மத்திய சர்க்காரின் நிவாரண வேலைத் திட்டத்தில் கட்டியது அது. அதன் வாயிலில் நின்றபோது, வயல் பொய்த்த காலத்திலும் கூடிப் பேசி முடிவெடுக்க ஓர் இடம் வேண்டுமென்று கருதிய ஜனங்களை எண்ணி வணங்கத் தோன்றிற்று. 1996-இல் இவ்வூர் தேசிய வரலாற்று ஸ்தலமாயிற்று. ஜூலைக் கடைசியில் ஆண்டுதோறும் நடக்கும் விடுதலைத் திருநாளுக்கு அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் சந்ததியார் வந்து கூடுகிறார்கள்.

ரயில் வராத ஊர் தோற்றுப்போன ஊர் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் உடன்பாடில்லை. பட்டா நிலம் கைமாறலாம், கடைவீதி இடம் பெயரலாம். தம் காரியத்தைத் தாமே நடத்தத் தெரிந்துகொண்ட ஜனங்கள் அந்தத் திறமையைப் போகுமிடமெல்லாம் கொண்டுபோவார்கள். மக்கேப்பே அதற்குச் சாட்சி: கான்சாஸை விட்டு ஒக்லஹோமா சென்ற அவர், 1890-இல் லாங்ஸ்டன் என்ற கறுப்பின நகரம் தோன்ற முன்னின்றார், 1897-இல் அங்கே எழுந்த கல்லூரி இன்று பல்கலைக்கழகமாய் விளங்குகிறது. அடுத்த கட்டுரையில் நாம் செல்லவிருப்பது அந்நகருக்கே.