குடியாதவர் பாடும் குடிப் பாட்டு

நமக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. கள்ளையும் சாராயத்தையும் கையாலும் தொட்டறியாத நாம், விடியற்காலையில் பல் துலக்கும்போது ஆங்கில மாலுமிகளின் குடிப் பாட்டு ஒன்றை முணுமுணுக்கிறோம். போதை தெளியாத மாலுமிக்குச் செய்ய வேண்டிய சிகிச்சைகளை வரிசையாகக் கூறும் பாட்டு அது. அதன் பொருளைச் சமீபத்தில் கேட்டறிந்த நம் சகதர்மிணி, "இந்த வயதில் பாடுவதற்கு உங்களுக்கு வேறு பாட்டே அகப்படவில்லையா?" என்றாள்.

கேள்வி நியாயமானதே. ஆகையால் அப்பாட்டுகளின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரித்தோம். ஒரு வேடிக்கை வெளிப்பட்டது.

பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளுக்குத் தினந்தோறும் ரம் அளக்கும் வழக்கம் 1970-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி வரையில் இருந்து வந்தது. ஆனால் அந்தப் போர்க் கப்பல்களிலே வேலை நேரத்தில் பாடுவதற்குப் பொதுவாக அனுமதி கிடையாது. பாட்டுகள் வளர்ந்தவை வியாபாரக் கப்பல்களில். அங்கேயோ பல கப்பல்களில் ரம் அரிது. 1834-ம் வருஷத்தில் பாஸ்டனிலிருந்து கலிபோர்னியாவுக்குச் சாதாரண மாலுமியாகச் சென்ற ரிச்சர்டு ஹென்றி டானா, மதுவை விலக்கிய கப்பலில் அதற்குப் பதிலாகச் சூடான பானம் ஒன்றும் கொடுக்கவில்லையே என்று குறைப்பட்டு எழுதியிருக்கிறார். குடித்தவன் வாய் மூடியிருக்க, தாகத்துடன் கயிறு இழுத்தவன் பாடினான்!

கனத்த பாயை மேலே ஏற்றும்போது ஒருவன் ஓரடி பாடுவான். மற்றவர் எல்லாரும் பதிலடி பாடுவார்கள். பதிலில் அழுத்தம் விழும் இடத்தில் அத்தனை கைகளும் ஒன்றாக இழுக்கும். 'விஸ்கி ஜானி' என்று ஒரு பாட்டு. நம் ஓடக்காரரின் 'ஏலேலோ'வுக்கு என்ன வேலையோ, அதே வேலைதான் அதில் வரும் விஸ்கிக்கும்.

நீராவிக் கப்பல்கள் வந்து கயிறு இழுக்கும் வேலை ஒழிந்தபோதே இப்பாட்டுகளும் ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. 2021-ம் வருஷத் தொடக்கத்தில், கொரோனாவுக்கு அஞ்சி நாடுகள் கதவடைத்திருந்தன. அப்போது நாதன் எவன்ஸ் என்னும் ஸ்காட்லாந்துத் தபால்காரர் பாடிய நியூஸிலாந்துத் திமிங்கில வேட்டைப் பாட்டு ஒன்று கைப்பேசிகளின் வழியே உலகெங்கும் பரவியது. சர்க்கரையும் தேயிலையும் ரம்மும் கொண்டுவரும் கப்பலை எதிர்பார்த்திருப்பவர்களின் பாட்டு அது. முன்பின் அறியாதவர்கள் தத்தம் அறைகளிலிருந்தே அதற்குக் குரல் சேர்த்தார்கள்.

அவ்வருஷக் கோடையில் நம் பேரன் பெங்களூரில் ஓர் அறையில் தனியே அடைபட்டுக் கிடந்தான். தினமும் இரவில் கூப்பிடுவான். "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன், தாத்தா." அதற்கு மேல் பேச்சு ஓடாது. அவன் குரல் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் அந்தக் குடிகார மாலுமியின் பாட்டில் ஓரடியைப் பாடி நிறுத்தினான். பதிலடி நமக்குத் தெரியாது, அவனே கற்பித்தான். மறு நாள் முதல் அவன் பாட, நாம் பதில் பாடினோம். பத்து நாளில் அவன் குரலுக்குப் பழைய பலம் வந்துவிட்டது.

தனியாக ஒருவன் இப்பாட்டைப் பாடி முடிக்க இயலாது. பாதியிலே நின்று இன்னொருவரின் குரலுக்குக் காத்திருக்க வேண்டும். அதன் ஆயுள் ரகசியம் அதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

ஒன்று சொல்ல மறந்தோம். அந்த இரவுகளில் பொருள் தெரியாமலே மூன்றாவது குரலாகச் சேர்ந்து, நம்மைவிட உரக்கப் பதிலடி பாடியவள் வேறு யாருமில்லை. இன்று கேள்வி கேட்ட சகதர்மிணியேதான்!